ஒவ்வாமை: இல்லை

இன்ஷூரன்ஸ் அட்டையைப் படிப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, செனோரித்தா. கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலானவர்கள் பெயரைப் பார்ப்பார்கள், போட்டோவில் தன் மூஞ்சி திருடன் மூஞ்சி மாதிரி இருக்கிறது என்று சொல்லிச் சிரிப்பார்கள், பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு அலமாரியில் வைத்துவிடுவார்கள். பிறகு உடம்புக்கு வந்து ஆஸ்பத்திரி ஜன்னலில் நிற்கும்போதுதான் தங்களுக்கு விதிக்கப்பட்டது மாலை நேர டாக்டர் என்று தெரியவரும். அல்லது முத்திரையின் காலம் எப்போதோ முடிந்துவிட்டது என்று தெரியவரும்.

நீங்கள் கேட்டது விரல்ரேகை இயந்திரத்தைப் பற்றி. தெரியும். அதற்கு வருகிறேன். ஆனால் அட்டையிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும். நீங்கள் படித்தவர், இந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் குடும்பங்களை விசாரிப்பதே உங்கள் வேலை. ஆனாலும் மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது அட்டை வேறு மாதிரி தெரியும்.

மேலே என் மகள் சுலேமா படுத்திருக்கிறாள். தொண்டையில் சீழ் கட்டி, காய்ச்சல் ஏறி, பேச்சே நின்றுபோய்விட்டது. நல்ல மருந்தாகப் போடப் போகிறோம், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கிடங்கிலிருந்து வந்துவிடும் என்று நர்ஸ் சொன்னாள். கூட இருக்கப் போகிறவள் என்று என்னை ஜன்னலுக்குக் கூப்பிட்டுக் கட்டைவிரலை வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். எப்போதோ இளவயதில் வாக்காளர் அட்டைக்காக வைத்த ரேகை இத்தனை காலம் எங்கேயோ காத்திருந்திருக்கிறது. என் கையிலிருந்த அட்டையில் எல்பிதியா என்று இருந்தது, திரையில் கசில்டா என்று வந்தது. பக்கத்திலேயே 'இறந்தவர்' என்றும். ஜன்னலில் இருந்த பெண் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "இயந்திரம் பழசுங்க" என்றாள், ஏதோ தான் தப்பு செய்துவிட்டதைப் போல. இயந்திரத்தின்மேல் தப்பு இல்லை. நான்தான் கசில்டா.

எங்கள் ஊர் வெராக்ரூஸ் பக்கத்துக் கரும்பு ஆலை ஊர். ஆலை ஓடும் மாதங்களில் கொடியில் காயும் துணியெல்லாம் கரிப்பொடி படிந்து கறுத்துப்போகும். என் வீட்டுக்காரர் ஃபெர்மின் ஆலையில் கொதிகலன் பக்கம் நிரந்தர வேலையில் இருந்தார். நிரந்தர வேலைக்காரனுக்கு அட்டை உண்டு. அவன் பெண்டாட்டிக்கும் உண்டு. கரும்பு வெட்டுகிறவனுக்கு வெட்டு நடக்கும் வரைக்கும்தான் உண்டு. ஆலை வாசலில் சோளமாவை இலையில் பொதிந்து அவித்த தமாலே விற்பவளுக்கு ஒரு காலத்திலும் கிடையாது.

எனக்கு அட்டை படிக்க வரும் என்று தெருவுக்கே தெரியும். யாரும் சொல்லித் தரவில்லை. குழந்தை பிறக்கவில்லை என்று வருஷக்கணக்கில் அந்த ஆஸ்பத்திரியின் பெஞ்சுகளில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவளுக்குப் படிக்க வேறு என்ன இருக்கிறது. பெயர், எந்த மருத்துவமனை, எந்த அறை, காலையா மாலையா, ரத்த வகை, ஒவ்வாமை. இதெல்லாம் எல்லோருக்கும் புரியும். யாரும் படிக்காத இடம் ஒன்று உண்டு. நீண்ட எண்ணுக்குக் கடைசியில் ஒரு சின்ன வால் இருக்கிறதல்லவா, ஒரு இலக்கமும் சில எழுத்துகளும். சம்பாதிப்பவருக்கு நீ என்ன உறவு என்று அந்த வால் சொல்லும். தானே சம்பாதிப்பவன் என்றால் ஒரு வால். பெண்டாட்டி என்றால் வேறு. பிள்ளை என்றால் வேறு. தாய் என்றால் வேறு. ஃபெர்மினின் எண்ணுக்குப் பின்னால் என் வால் மட்டும்தான் இருந்தது. பிள்ளை வால் வரவே இல்லை. முத்திரை புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் ஜன்னலில் கேட்பார்கள், "புதுசா யாரையாவது சேக்கணுமா?" என்று. இல்லை என்பேன். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. அது அவர்கள் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி.

எல்பிதியா அடுத்த வீடு. தமாலே விற்றாள். எங்கள் இருவருக்கும் ஒரே உயரம், ஒரே நிறம், ஒரே மாதிரி அகன்ற நெற்றி. கடைக்காரன் அவளைப் பார்த்து என் கணக்கைக் கேட்பான். "ஆண்டவன் ஒரே அச்சுல ரெண்டு ரொட்டி சுட்டுட்டான்டி, ஒண்ணு கொஞ்சம் தீஞ்சுபோச்சு" என்பாள் அவள். தீய்ந்தது எது என்று கேட்டால் சொல்லமாட்டாள்.

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தகப்பன் கரும்பு வெட்ட வந்தவன், வெட்டு முடிந்ததும் லாரியோடு போய்விட்டான். ஞானஸ்நானத்தில் குழந்தையைக் கையில் ஏந்தி நின்றவள் நான். சுலேமா என்று பெயர் சொன்னவளும் நான்தான். அன்றிலிருந்து நாங்கள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெற்றவளும் ஞானத்தாயும் ஒருவருக்கொருவர் கொமாத்ரே. உங்களுக்குத் தெரியாததா. ஞானத்தாய் என்றால் என்ன என்றும் தெரியும். பெற்றவளுக்கு ஏதாவது ஆனால் குழந்தை அவளிடம் வரும். அதற்குப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போடுவதில்லை. தண்ணீர் தலையில் விழும்போதே அது எழுதப்பட்டுவிடுகிறது.

எல்பிதியா விடியும் முன்னே அடுப்படியில் நிற்பாள், பிறகு ஆலை வாசலில். குழந்தை என்னிடம் இருந்தது. என்னிடம்தான் நடக்கப் பழகினாள். என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, விட்டுவிட்டு, விழுந்து, மறுபடி பாவாடையைப் பிடித்தாள். சாயங்காலம் எல்பிதியா வந்து தூக்கிக்கொண்டு போவாள். சுவரின் அந்தப் பக்கம் குழந்தை அழும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்கும், பிறகு நிற்கும். நின்ற பிறகுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கும். அழும்வரைக்கும் பரவாயில்லை.

ஒரு நாள் அவளுடைய தமாலே அண்டா சரிந்து, பழைய தகரம் கால் ஆடுசதையைக் கிழித்துவிட்டது. சுண்ணாம்பு வைத்தாள், சாராயம் ஊற்றினாள், துணி கட்டிக்கொண்டு விற்கப் போனாள். கால் வீங்கி மினுமினுக்க ஆரம்பித்தது. அந்த வாரம்தான் வடக்கே எல்லை ஊரில் இருக்கும் அவளுடைய அக்காவிடமிருந்து சேதி வந்தது, ஃபேக்டரியில் ஆள் எடுக்கிறார்கள், குழந்தையையும் கூட்டிக்கொண்டு வா என்று.

நொண்டிக்கொண்டே வந்து என் சமையலறையில் உட்கார்ந்தாள். "கொமாத்ரே, உன் அட்டையக் குடு" என்றாள். "இந்தக் காலோட பஸ் ஏற முடியாது. ஆஸ்பத்திரில காட்டி சரி பண்ணிக்கிட்டு கிளம்பிடுறேன். போய் கால் ஊனினதும் உனக்கும் ஒரு இடம் பாக்குறேன். குழந்தை உன்னை விட்டுட்டு இருக்கமாட்டா, எனக்குத் தெரியாதா?"

அட்டையை இரவல் கொடுப்பது எங்கள் தெருவில் ஏணியை இரவல் கொடுக்கிற மாதிரி. தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். கொடுக்காதவள் பெயர் கெட்டுப்போகும் என்றும் தெரியும். எதிர்வீட்டுக்காரி தன் மச்சினியின் அட்டையில் இரண்டு பிள்ளை பெற்றாள். அந்தப் பிள்ளைகள் காகிதத்தில் மச்சினியின் பிள்ளைகள். யாரும் இதைப் பெரிதாக நினைப்பதில்லை. போட்டோ மங்கிப்போயிருக்கும். ஜன்னலில் இருப்பவளும் நம்மைப் போல ஒருத்திதான், அவளும் பார்க்காத மாதிரி பார்ப்பாள்.

ஆகவே கொடுத்தேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அவள் கேட்டு நான் இல்லை என்று சொல்லவில்லை.

அன்று முழுக்க அவளுக்கு அட்டையைச் சொல்லிக்கொடுத்தேன். குழந்தை எங்கள் நடுவில் உட்கார்ந்து சோளத் தோலைக் கிழித்து விளையாடிக்கொண்டிருந்தது. உன் பேரு கசில்டா. பொறந்த தேதி இது. வீட்டுக்காரர் பேரு ஃபெர்மின். காலை நேரம், மூணாம் அறை. "ஃபெர்மின் உனக்கு வீட்டுக்காரரா, எனக்கு வேண்டாம்மா, கொறட்டை விடுற ஆம்பள" என்று சிரித்தாள். பிறகு அட்டையின் பின்பக்கத்தில் விரலை வைத்து, "இது என்ன?" என்றாள். அவளுக்குப் படிக்கத் தடுமாறும்.

ஒவ்வாமை என்றேன். இல்லை என்று எழுதியிருக்கிறது என்றேன்.

அவள் சிரிப்பை நிறுத்தினாள். சின்ன வயதில் பென்சிலின் ஊசி போட்டு உதடும் தொண்டையும் வீங்கி, பாதிரியாரைக் கூப்பிடும் அளவுக்குப் போய்ப் பிழைத்தவள் அவள். தெருவுக்கே தெரியும். அவளே வேடிக்கையாகச் சொல்லுவாள், எனக்கு ஊசி போடுறதுன்னா சவப்பெட்டிக்கும் சேத்துச் சொல்லிடுங்க என்று. "அப்ப அவங்க கேட்டா நான் என்ன சொல்ல?" என்றாள்.

"அட்டையில இல்லாததச் சொல்லாத" என்றேன். "வேற மாதிரி சொன்னா பழைய ஃபைல எடுத்துப் பாப்பாங்க. நீ நானில்லைன்னு தெரிஞ்சுபோகும். ஃபெர்மினுக்கு வேலையே போயிடும். நான் பக்கத்துலயே இருப்பேன். உன் நாத்தனார்னு சொல்லிக்கிறேன். நேரம் பாத்து நர்ஸ் காதுல நானே சொல்லிடுறேன்."

"நீ சொல்லிடுவல்ல?"

"சொல்லாம?"

அப்போது நான் சொல்லுவேன் என்றுதான் இருந்தேன். இதை நீங்கள் நம்பலாம், நம்பாமலும் போகலாம். எனக்கே சில நாட்கள் நம்பிக்கையாக இருக்கும், சில நாட்கள் இருக்காது.

சூப் வாசனை வருகிறது பாருங்கள். இங்கேயும் அதே நூடுல்ஸ் சூப்தான் போலிருக்கிறது. எல்லா சர்க்கார் ஆஸ்பத்திரிக்கும் ஒரே சமையல்காரன் என்று நினைக்கிறேன். நீங்கள் விரும்பினால் கதவைச் சாத்திவிடலாம், வராந்தாவில் ஆட்கள் நடமாட்டம். நன்றி.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே அவளுக்கு ஜன்னி கண்டிருந்தது. பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். இறங்கும்போது ஒரு வார்த்தை தெளிவாகச் சொன்னாள். "பெட்டியெல்லாம் கட்டிட்டேன், கொமாத்ரே." நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவளையும் தாங்கிக்கொண்டு நடந்தேன். வரிசையில் நின்றோம். ஜன்னலில் இருந்தவள் அட்டையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், முத்திரையைப் பார்த்தாள். "கசில்டா?" என்றாள். எல்பிதியா தலையை ஆட்டினாள். நன்றாகத்தான் ஆட்டினாள்.

கட்டிலில் படுக்கவைத்தார்கள். டாக்டர் வந்து காலைப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார். எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். நர்ஸ் நல்ல பெண், உங்கள் வயதுதான் இருக்கும். ஊசி மருந்தைத் தயார் செய்துகொண்டே கேட்டாள், "செனோரா கசில்டா, உங்களுக்கு எந்த மருந்தாவது ஒத்துக்காதா? பென்சிலின் மாதிரி?"

எல்பிதியா பதில் சொல்லவில்லை. நான் சொல்லிக்கொடுத்தபடியே இருந்தாள். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. குழந்தை என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. கனத்தது. தூக்கத்தில் கையை எடுத்து என் கழுத்தைச் சுற்றிப் போட்டு, முகத்தை இன்னும் உள்ளே புதைத்துக்கொண்டது. அதன் மூச்சு என் காதுக்குக் கீழே சூடாகப் பட்டது. கட்டப்பட்ட பெட்டிகளை நினைத்தேன். சுவரின் அந்தப் பக்கத்தை நினைத்தேன். இனி அந்தப் பக்கத்தில் அழும் சத்தம்கூடக் கேட்காது என்று நினைத்தேன்.

நர்ஸ் என் பக்கம் திரும்பினாள். "நீங்க யாரு, நாத்தனாரா? உங்களுக்குத் தெரியுமா?"

"அட்டையில இருக்கிறதுதான்" என்றேன்.

அவள் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். இல்லை என்று இருந்தது. அவ்வளவுதான்.

நான் பொய் சொல்லவில்லை, செனோரித்தா. அவள் கேட்டது கசில்டாவைப் பற்றி. கசில்டாவுக்கு எந்த ஒவ்வாமையும் கிடையாது. இன்றைக்கும் கிடையாது. நீங்கள் சோதித்துப் பார்க்கலாம்.

மிக வேகமாக நடந்தது. முதலில் கையில் தடித்தது. பிறகு உதடு. அவள் என் பெயரைச் சொல்ல முயன்றாள் என்று நினைக்கிறேன், அல்லது தன் பெயரை. நர்ஸ் கத்திக்கொண்டு ஓடினாள். யார் யாரோ வந்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்து, "இதுக்கு முன்னாடி இந்தம்மாவுக்கு இப்படி வந்திருக்கா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். நாத்தனாருக்கு என்ன தெரியும். குழந்தை எழுந்துவிடப் போகிறதே என்று முதுகைத் தட்டிக்கொண்டே ஜன்னல் பக்கம் போய் நின்றேன். வெளியே ஒருவன் பஞ்சுமிட்டாய் விற்றுக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் வந்து, கசில்டா இறந்துவிட்டார் என்று என்னிடம் சொன்னார். மிகவும் மரியாதையாகச் சொன்னார். உங்கள் பெயர் என்ன என்று கேட்டார். எல்பிதியா என்றேன். வேறு என்ன சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்கள். ஒரு அட்டை. ஒரு உடம்பு. அட்டையில் இருக்கும் பெயர்தான் உடம்பின் பெயர். நான் ஒருத்தியாக அந்த இடத்தில் என்ன செய்திருக்க முடியும்.

ஊருக்குக் கொண்டுவந்தோம். தெருவுக்கு எல்லாம் தெரியும், அட்டை இரவல் போனதும் தெரியும். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் எல்லா வீட்டு அட்டையும் வெளியே வரும். பாவம் கொமாத்ரே, உதவி செய்யப் போய் இப்படியாகிவிட்டதே என்று எனக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள். ஒன்பது நாள் ஜெபமாலைக்குக் காப்பியும் இனிப்பு ரொட்டியும் கொண்டுவந்தார்கள். எங்கள் பக்கம் ஒன்பதாம் நாள், தரையில் சுண்ணாம்பால் போட்ட சிலுவையைத் துடைத்தெடுக்கும்போது இறந்தவரின் பெயரை மூன்று முறை சொல்லிக் கூப்பிட வேண்டும். ஜெபம் சொல்ல வந்தவள் நின்றுவிட்டாள். எந்தப் பெயரைச் சொல்வது என்று என்னைப் பார்த்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் அவள், "எங்கள் சகோதரியே, எழுந்து போ" என்று மட்டும் சொன்னாள். பெயர் சொல்லி அனுப்பாவிட்டால் இறந்தவள் போகமாட்டாள் என்று கிழவிகள் பின்னால் பேசிக்கொண்டார்கள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்க்க இப்போதும் கொஞ்சம் நேரமாகும். எந்தப் பெயர் சொன்னாலும்.

ஃபெர்மின் மட்டும் ஒரு தடவை கேட்டார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "அவளுக்கு ஊசி ஆகாதுன்னு உனக்குத் தெரியும்ல?"

நான் அவருக்கு இன்னும் கொஞ்சம் பீன்ஸ் போட்டேன்.

"வாயத் திறந்திருக்கலாம்ல, கசில்டா?"

அதுதான் அந்தப் பெயர் சொல்லி ஒருவர் என்னைக் கடைசியாகக் கூப்பிட்டது. பிறகு அவர் என்னோடு பேசவில்லை. ஆலையில் அவருக்குத் துக்க விடுப்பு கொடுத்தார்கள், மாலை வாங்கி அனுப்பினார்கள். காகிதத்தில் அவர் பெண்டாட்டி இறந்தவர். பிறகு வேறு ஒருத்தியைச் சட்டப்படி கல்யாணம் செய்துகொண்டார் என்று கேள்விப்பட்டேன். என் வால் இப்போது அவளிடம் இருக்கிறது. நான் அவரைக் குறை சொல்லமாட்டேன்.

எல்பிதியாவின் பிறப்புச் சான்று, சுலேமாவின் பிறப்புச் சான்று, இரண்டும் அவள் கட்டிவைத்த பெட்டியில் மேலாகவே இருந்தன. அவள் எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கிவைத்திருந்தாள். அந்தப் பெட்டியோடும் குழந்தையோடும் நான் இந்த ஊருக்கு வந்தேன். யாருக்கும் எங்களைத் தெரியாது. முதல் வாரத்திலேயே சுலேமா என்னை அம்மா என்றாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. கடையில் பால்காரி "உங்க அம்மாகிட்ட குடு" என்றாள், அவள் திரும்பி என்னிடம் நீட்டினாள், அம்மா என்றாள். நான் பால் பாத்திரத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

நல்ல அம்மாவாக இருந்தேன். அவளிடமே கேளுங்கள். ஈரத் தலையோடு வெளியே விட்டதில்லை. கோவிலில் முதல் நன்மை வாங்கிய நாளுக்கு வெள்ளை உடை நானே தைத்தேன். அவள் மேல் கை வைத்ததில்லை.

ஒன்று இருக்கிறது. அவள் சின்னவளாக இருந்தபோது இருமலுக்கு மருந்துக்கடையில் ஒரு ஊசி போட்டார்கள். வீட்டுக்கு வருவதற்குள் உதடு வீங்கிவிட்டது, கண் இமை வீங்கிவிட்டது. தூக்கிக்கொண்டு திரும்பி ஓடினேன். மாற்று ஊசி போட்டார்கள், இறங்கிவிட்டது. மருந்துக்கடைக்காரர் காகிதத்தில் பென்சிலின் என்று எழுதிக்கொடுத்து, இதை எங்கே போனாலும் சொல்லுங்கம்மா என்றார். பெரியவளானபோது அவள் கேட்டாள், எனக்கு ஒரு தடவை முகமெல்லாம் வீங்கிச்சே, கனவா அது என்று. குளவி கொட்டியது என்று சொல்லிவிட்டேன். அந்தக் காகிதத்தை அன்றே அடுப்பில் போட்டுவிட்டேன். உங்களுக்கு வினோதமாக இருக்கும். அந்த வார்த்தை வீட்டில் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. அது அவளுடைய வார்த்தை. எனக்கு அவள் முகத்தில் எல்லாம் என்னுடையதாக இருக்க வேண்டும் என்று இருந்தது.

போன வருஷம் சுலேமா தக்காளி பேக்கிங் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். நிரந்தர வேலை. அட்டை கொடுத்தார்கள், அவள் பெயரில். நானும் கூடப் போனேன். ஜன்னலில் அதே கேள்விதான், யாரையாவது சேர்க்கணுமா என்று. "எங்கம்மாவ" என்றாள். யோசிக்கக்கூட இல்லை. பிறகு அந்தப் பெண் கேட்டாள், "அலர்ஜி ஏதாவது?" சுலேமா என் பக்கம் திரும்பி, "மா, எனக்கு ஏதாச்சும் இருக்கா?" என்றாள்.

"இல்லடி" என்றேன்.

சாயங்காலம் எனக்கான அட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். நான் பெயரைப் பார்க்கவில்லை. எண்ணின் கடைசிக்குப் போனேன். அங்கே தாய் என்ற வால் இருந்தது. சர்க்காரே அச்சடித்துத் தந்தது. நான் அழுததைப் பார்த்து அவள் கேலி செய்தாள். "மா, இன்ஷூரன்ஸ் அட்டைக்கு அழுற ஒரே ஆள் உலகத்துலயே நீதான். மத்தவங்க வரிசையில நிக்கும்போதுதான் அழுவாங்க."

இந்த மாதம் அவள் ஒரு பையனைப் பற்றிச் சொன்னாள். வடக்கே எல்லை ஊரில் வேலை பார்க்கிறானாம். நல்ல பையன்தான், போனில் பேசினேன். தொண்டை வலி ஆரம்பித்த அன்று சாயங்காலம் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டே சொன்னாள், "இந்தக் காய்ச்சல் மட்டும் விடட்டும்மா, கிளம்பிடுறேன். அங்க போய் கால் ஊனினதும் உன்னையும் கூப்பிட்டுக்குறேன்."

ஒரே வார்த்தைகள், செனோரித்தா. அவளுக்கு அவற்றை யார் சொல்லிக்கொடுத்தது. நான் வளர்த்த பெண். என்னிடம் பேசக் கற்றுக்கொண்டவள். நான் அவள் மடித்த துணிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒழுங்காக அடுக்கியிருந்தாள்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்.

ஆமாம், இங்கேயும் நர்ஸ் கேட்டாள். காலையில், என்னை விரல் வைக்கக் கூப்பிடுவதற்கு முன்னால். எல்லா ஊர் நர்ஸும் கேட்கும் கேள்விதான். சுலேமாவால் பேச முடியவில்லை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நீங்கள் நினைக்கிற மாதிரி பயந்து பார்க்கவில்லை. அவளுக்கு எதுவும் தெரியாது. அம்மாவைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். நான் அட்டையில் இருப்பதைச் சொன்னேன்.

பிறகு நீங்கள் கூப்பிட்டீர்கள், இங்கே வந்தேன். உங்கள் முகத்தைப் பார்த்ததும் இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. பாதிரியாரிடம்கூட நான் இதைச் சொன்னதில்லை. ஆனால் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. நடுவிலிருந்து சொன்னால் உங்களுக்கு என்ன புரியும். அட்டை தெரியாமல் வால் புரியாது, வால் தெரியாமல் என்னைப் புரியாது.

சாப்பாட்டு வண்டி போய்க் கொஞ்ச நேரமாகிவிட்டது. கிடங்கு மருந்து அதற்கு முன்னாலேயே வந்திருக்கும். கதவு சாத்தியிருந்ததால் உங்களுக்குக் கேட்டிருக்காது.

போங்கள், நான் இங்கேயே இருக்கிறேன். படிக்கட்டு இடது பக்கம், லிஃப்டுக்கு நிற்காதீர்கள், அது வராது. கட்டில் ஜன்னலோரம். எனக்கு எங்கேயும் போக இடமில்லை. ஆனால் திரும்பி வந்ததும் இதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், செனோரித்தா. இந்தத் தடவை நான் வாயைத் திறந்தேன்.